ஓடிப் பார்த்தால் தெரியும் ஊர்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். 2010 இல் தொடங்கிய மின்தொடர்வண்டிச் சேவை இத்தொலைவை ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மகிழுந்தில் சென்றாலும் அதே அளவு நேரம்தான் ஆகும். பயணி ஒருமுறை கண் விழிக்கும்போது தாப்பா வந்திருக்கும். மறுமுறை விழிக்கும்போது ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும். இடையில் என்ன இருந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் ‘செம்பனை’ என்ற ஒரே சொல்லில் விடையை முடித்துவிடுவர். ஊருக்குள் நுழைந்த பிறகும் இதே நிலைதான். தங்கும் விடுதி, உணவுக் கடை, புகைப்படம் எடுக்கும் இடம் எனச் சில புள்ளிகளை வாகனம் காட்டுகிறது. அப்புள்ளிகளை இணைக்கும் கோடுகளை அது காட்டுவதில்லை.

அக்கோடுகளைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பயணம் சென்ற ஊரில் விடியற்காலையில் எழுந்து, காலணி அணிந்து, ஒரு மணி நேரம் மெதுவோட்டம் ஓடுவதே அது. பயணத்தில் ஓடுவது உடல்நலத்திற்கு மட்டும் உரிய செயலன்று. ஓர் ஊரை அறிந்துகொள்ளும் முறைகளுள் அதுவும் ஒன்று. குறிப்பாக, பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளைப் போல, அடையாளப் பலகை இல்லாமல் மறைந்துவரும் இடங்களை அறிய இம்முறை பெரிதும் உதவும்.

பயணமும் ஓட்டமும் சேர்ந்தே செல்வது உலகில் புதிதன்று. ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி 1983 இல் கிரேக்க நாட்டிற்குச் சென்றபோது, ஏதென்ஸிலிருந்து மாரத்தான் என்னும் ஊர் வரை கோடை வெயிலில் ஓடினார். புகழ்பெற்ற அந்தப் பாதையில் அவர் கண்டவை பழங்காலச் சின்னங்கள் மட்டுமல்ல. வாகனங்களில் அடிபட்டுச் சாலையோரம் இறந்துகிடந்த நாய்களையும் பூனைகளையும் எண்ணிக்கொண்டே ஓடியதாக அவர் எழுதியுள்ளார். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறாத செய்தி அது. சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் விபத்தொன்றில் கால் முறிந்து குணமான பிறகு ஓடத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட அரைமாரத்தான் ஓட்டங்களைப் பல ஊர்களில் ஓடி முடித்த அவர், அந்த அனுபவத்தை ‘ஓடலாம் வாங்க’ என்ற நூலாகவும் எழுதியிருக்கிறார்.

இனி ஈப்போவைப் பார்ப்போம். ஓட்டம் ஈப்போ தொடர்வண்டி நிலையத்தின் முன்னால் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இந்நிலையம் 1917 இல் கட்டி முடிக்கப்பட்டது. எதிரே நகர மண்டபம் நிற்கிறது. சில நிமிட ஓட்டத்தில் ஈப்போ திடல் வருகிறது. திடலையொட்டி 1908 இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும், 1895 இல் தொடங்கப்பட்ட ஈப்போ மன்றமும் உள்ளன. அருகிலேயே 1909 இல் திறக்கப்பட்ட பிர்ச் நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. இவற்றைத் தனித்தனியே மகிழுந்தில் சென்று பார்ப்பவருக்கு இவை நான்கைந்து அழகிய கட்டடங்கள். மூச்சு வாங்குவதற்கு முன்பே இவை அனைத்தையும் கடந்துவிடும் ஓட்டக்காரருக்கோ வேறொன்று புரிகிறது. ஆட்சி, போக்குவரத்து, கேளிக்கை, வழிபாடு ஆகிய எல்லாவற்றையும் ஆங்கிலேயர் காலத்து நகரம் ஒரு கிலோமீட்டருக்குள் அடுக்கி வைத்திருந்தது. யார் இந்த வட்டத்திற்குள் இருந்தார்கள், யார் வெளியே இருந்தார்கள் என்ற கேள்வி அவருக்குத் தானாகவே எழும்.

மணிக்கூண்டின் அருகில் இன்னொரு பாடமும் காத்திருக்கிறது. பேராக்கின் முதல் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச் 1875 இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாகவே இம்மணிக்கூண்டு எழுப்பப்பட்டது. ஆனால், அது நிற்கும் இடத்தின் சாலைப் பெயர்ப்பலகையில் இருப்பது டத்தோ சாகோரின் பெயர். பிர்ச்சைக் கொன்ற குற்றத்திற்காக, டத்தோ மகாராஜா லேலாவுடன் 1877 இல் தூக்கிலிடப்பட்டவர் அவர். ஒரே இடத்தில், கல்லில் ஓர் ஆட்சியின் நினைவும் பலகையில் அதை எதிர்த்தவரின் நினைவும் எதிரெதிராக நிற்கின்றன. மகிழுந்து ஓட்டுபவரின் கண் போக்குவரத்து விளக்கின் மீது இருக்கும். பயணியின் கண் கைப்பேசியின் மீது இருக்கும். பெயர்ப்பலகையைப் படிக்கும் வேகத்தில் செல்பவருக்கே இந்த முரண் கண்ணில் படும்.

கிந்தா ஆற்றைத் தாண்டினால் புதிய நகரம். அங்கே டி. ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமாக ஈப்போ மக்களின் மதிப்பைப் பெற்றவர் அவர். காலையில் அங்கு உடற்பயிற்சி செய்வோர் பல இனத்தவர்; ஆனால், பூங்காவின் பெயர் யாருடையது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? தொடர்வண்டி நிலையத்தின் அழகிய முகப்பு நகர மண்டபத்தைப் பார்த்து நிற்கிறது. அதன் மறுபக்கத்தில், தண்டவாளத்திற்கு அப்பால், புந்தோங் இருக்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் இப்பகுதி கச்சாங் பூத்தே எனப்படும் வறுத்த கடலை, முறுக்கு வகைகளுக்குப் பெயர் பெற்றது. பார்த்து அறிவதற்கு முன்பே எண்ணெயின் மணத்தால் புந்தோங் தன்னை அறிவித்துவிடும். கண்ணாடி ஏற்றிய மகிழுந்துக்குள் அந்த மணம் நுழைவதில்லை.

ஓடுவதால் பார்வை ஏன் மாறுகிறது? முதற்காரணம் வேகம். மெதுவாக ஓடுபவர் ஒரு மணி நேரத்தில் ஏழு, எட்டுக் கிலோமீட்டர் செல்வார். ஒரு பழைய நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்று திரும்ப அது போதும். எனவே, ஊரின் முழு வடிவம் ஒரே காலையில் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதே நேரத்தில், வேண்டிய இடத்தில் உடனே நிற்கவும் முடிகிறது. இரண்டாவது காரணம் உடல். மேடு எங்கே, பள்ளம் எங்கே, நிழல் எங்கே முடிகிறது என்பதை முழங்காலும் மூச்சும் சொல்லிவிடும். மூன்றாவது காரணம் நேரம். கடைகள் திறப்பதற்கு முன்பு ஊர் எதையும் விற்பதில்லை. சந்தைக்குக் காய்கறி இறக்குபவர், குப்பை அள்ளுபவர், கோயில் வாசலைக் கூட்டுபவர், பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரின் ஊரை அந்நேரத்தில் காணலாம். சுற்றுப்பயணி பத்து மணிக்கு வரும்போது அவர்கள் போய்விட்டிருப்பர்.

கால் வழியாக ஊரை அறிவது தமிழர்க்குப் பழக்கமானதே. தைப்பூசத்தன்று ஈப்போவில் காவடி எடுப்போர் புந்தோங்கிலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் வரை நடந்தே செல்கின்றனர். அந்தத் தொலைவு எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் கிலோமீட்டர் கணக்கில் சொல்லமாட்டார்கள். எந்தத் திருப்பத்தில் தார்ச்சாலை சுடும், எந்த இடத்தில் தண்ணீர்ப் பந்தல் இருக்கும் என்றே சொல்வார்கள். ஓட்டக்காரர் பெறுவதும் இத்தகைய அறிவுதான்.

நகரத்தை விட்டுத் தோட்டப்புறத்திற்கு வரும்போது இக்கருத்து இன்னும் ஆழமாகிறது. நம் நாட்டில் பொழுதுபோக்காக ஓடும் வழக்கத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1938 இல் ஆல்பர்ட் கிஸ்பெர்ட் என்ற ஆங்கிலேயரும் அவருடைய நண்பர்களும் கோலாலம்பூரில் ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினர். ஒருவர் காகிதத் துண்டுகளைத் தூவி வழி அமைப்பார். மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டே ஓடுவர். ரப்பர் தோட்டங்களும் காட்டோரங்களும் அவர்களின் ஓடுதளங்களாயின. இன்று அவ்வழக்கம் உலகின் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. வேலை முடிந்த மாலையில், உடலில் தேங்கிய சோம்பலைப் போக்க அவர்கள் ஓடினார்கள்.

அதே ரப்பர் மரங்களுக்கிடையே, அதே நாளின் காலையில், வேறு சிலரும் விரைந்திருந்தார்கள். குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அது நின்றுவிடும். ஆகவே, தொழிலாளர்கள் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு நிரைக்குச் சென்று, நெற்றி விளக்கின் ஒளியில் ஏறத்தாழ 400 முதல் 600 மரங்களைச் சீவ வேண்டும். அதன்பின் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கி, உறைவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மழை வந்தால் பால் கெடும், கூலியும் குறையும். அவர்கள் ஒருநாளில் கடந்த தூரத்தை யாரும் அளந்து பதக்கம் அணிவிக்கவில்லை. இன்று அந்நிலத்தில் மகிழ்ச்சிக்காக ஓடுபவர் இதை அறிந்து ஓடுவது நல்லது. ஒரே தடம் ஒருவருக்குப் பிழைப்பாகவும் இன்னொருவருக்குப் பொழுதுபோக்காகவும் இருந்திருக்கிறது என்ற உண்மை, இடங்களைப் பற்றிய பார்வையை மட்டுமன்றி, மனிதரைப் பற்றிய பார்வையையும் மாற்றும்.

பேராக், மலாயா ரப்பர் வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறும் மாநிலம். 1877 இல் கொண்டுவரப்பட்ட ரப்பர் கன்றுகளுள் சிலவற்றை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி கோட்டை இருக்கிறது. கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் உரிமையாளரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 இல் கட்டத் தொடங்கிய இம்மாளிகை, 1926 இல் அவர் லிஸ்பனில் காலமானதால் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. கட்டுமானப் பணியில் ஈடுபட்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே கொள்ளைநோய் பரவியபோது, அவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க ஒரு மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டது. அக்கோயிலின் சிற்பங்களுக்கிடையே வெள்ளை உடையணிந்த துரை ஒருவரின் உருவமும் உண்டு.

சுற்றுப்பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிக் கோட்டையைப் பார்க்கின்றனர். படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகின்றனர். சற்றுத் தொலைவில் உள்ள கோயிலுக்குச் செல்பவர் குறைவு. கோட்டைக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட சாலையில் ஓடுபவர் இரண்டையும் ஒரே கதையாகப் பார்க்கிறார். ஒருவருடைய கனவு மாளிகையாக எழுந்தது. அதைக் கட்டியவர்களின் அச்சமும் நம்பிக்கையும் கோயிலாக எழுந்தன. மாளிகை பாழடைந்து காட்சிப்பொருளானது. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. இந்த ஒப்பீட்டை எந்த நுழைவுச்சீட்டும் தருவதில்லை.

எல்லாத் தோட்டங்களுக்கும் கோட்டை இல்லை. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அதைத் தடுக்கும் நோக்கில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆனார்கள். ஆயினும், பின்வந்த ஆண்டுகளில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. பல இடங்களில் செம்பனையும் சாய்ந்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர்.

இவ்வாறு மறைந்த தோட்டங்களை வரைபடத்தில் தேடினால் கிடைப்பது அரிது. ஆனால், மெதுவாகச் செல்லும் கண்ணுக்கு அவை சில தடயங்களை விட்டுவைத்திருக்கின்றன. முதல் தடயம் பள்ளியின் பெயர். கிந்தா கெல்லாஸ், எல்பில், டோவன்பி என்று தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில் இன்றும் உள்ளன. வேலை செய்தவர்கள் பெயர்ந்த பிறகும் பெயர் மட்டும் பள்ளி வாசலில் நிற்கும். இரண்டாவது தடயம், வீடுகளே இல்லாத இடத்தில் செம்பனைகளுக்கு நடுவே நிற்கும் சிறு கோயில். கோயில் இருந்தால் அருகில் லயம் இருந்திருக்க வேண்டும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். மூன்றாவது தடயம் மரங்கள். ஒரே வரிசையில் மாமரமும் முருங்கையும் வேப்பமரமும் நின்றால், அது காடு தானாக வளர்த்த வரிசையன்று. யாரோ ஒருவர் தம் வீட்டு வாசலில் வைத்த கன்றுகளே அவை.

இக்கருத்துக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. ஓடுபவர் மேலோட்டமாகத்தானே பார்க்கிறார் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சுங்கை சிப்புட் தோட்டச் சாலைகளில் ஓடுபவருக்கு, 1948 ஜூன் மாதம் அங்கு மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் கொல்லப்பட்டதும், அதன் தொடர்ச்சியாக நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் மரங்களைப் பார்த்துத் தெரியப்போவதில்லை. அதற்கு நூல் வேண்டும். அதைவிட, அக்காலத்தை வாழ்ந்தவர்களின் வாய்மொழி வேண்டும். ஓட்டம் விடை தருவதில்லை, கேள்விகளைத் தருகிறது. ‘இந்தக் கோயில் ஏன் இங்கே தனியாக நிற்கிறது?’ என்ற கேள்வி எழாதவர், அதற்கான நூலைத் தேடப் போவதே இல்லை.

இன்னொரு மறுப்பும் கவனிக்கத்தக்கது. இன்று பலர் கைக்கடிகாரம் காட்டும் எண்களுக்காகவே ஓடுகின்றனர். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எத்தனை விருப்பக்குறிகள் என்பதிலேயே அவர்களின் கவனம் நிற்கிறது. அவ்வாறு ஓடினால் ஈப்போவும் ஒன்றுதான், வீட்டு வரவேற்பறையில் உள்ள ஓடுபொறியும் ஒன்றுதான். பயணத்தில் ஓடுபவர் நிற்கத் தயங்கக்கூடாது. பெரியவர் ஒருவர் வாசலில் அமர்ந்திருந்தால், ‘வணக்கம் ஐயா, இந்த இடத்துக்கு முன்பு என்ன பெயர்?’ என்று கேட்கலாம். ‘பாட்டி, லயம் எந்தப் பக்கம் இருந்தது?’ என்று கேட்டால், அவர் கை நீட்டிக் காட்டும் திசையில் இப்போது ஒரு வீடமைப்புப் பகுதி இருக்கலாம். அந்த இரண்டு நிமிடத் தாமதம் ஓட்டத்தின் குறையன்று; அதுவே ஓட்டத்தின் பயன்.

பாதுகாப்பு பற்றிய கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. நடைபாதை இல்லாத சாலைகள், கனவுந்துகள், கட்டவிழ்த்த நாய்கள், கடும் வெயில் ஆகியவை உண்மையான ஆபத்துகள். பெண்கள் தனியே ஓடத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. மேலும், செம்பனைத் தோட்டங்கள் தனியாருக்கு உரியவை. அனுமதியின்றி நுழைவது தவறு. ஆகவே, குழுவாக ஓடுதல், பளிச்சென்ற நிற உடை அணிதல், செல்லும் வழியை வீட்டாரிடம் சொல்லுதல், பொதுச்சாலையை விட்டு விலகாதிருத்தல் ஆகியவை கட்டாயம். ஓட இயலாதவர்கள் இந்த வாய்ப்பை இழக்க வேண்டியதில்லை. நடப்பவரும், மிதிவண்டியில் மெல்லச் செல்பவரும், சக்கர நாற்காலியில் செல்பவரும் இதே பார்வையைப் பெறலாம். பார்ப்பதற்கும் நிற்பதற்கும் இடம்தரும் வேகமே இங்கு முக்கியம். அதே வேளையில், பாதுகாப்பாக நடக்கவும் ஓடவும் முடியாத சாலைகளை அமைத்துவிட்டு, இளையோர் தங்கள் ஊரை அறியவில்லை என்று குறைகூறுவதும் நியாயமன்று.

இவ்விடயத்தில் காலமும் குறுகிவருகிறது. நிலையத்திற்கும் மணிக்கூண்டுக்கும் கட்டிய ஆண்டு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. லயத்திற்கும் பெரட்டுக்களத்திற்கும் ஆயாக் கொட்டகைக்கும் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அவை எங்கே இருந்தன என்று கை நீட்டிக் காட்டக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வளர்கின்றனர்; விடுமுறைக்கு ஈப்போ வந்தாலும் பேரங்காடிக்கே செல்கின்றனர்.

பள்ளிகள் இதற்கு ஒரு தொடக்கம் செய்யலாம். மெதுவோட்டத்தை விளையாட்டுக் கழகத்திற்கும், வட்டார வரலாற்றை வரலாற்றுக் கழகத்திற்கும் எனப் பிரித்து வைக்காமல், இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் இணைக்கலாம். ஆசிரியரின் துணையுடன் ஐந்து கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாணவர்கள் மெல்ல ஓடட்டும். வழியில் கண்ட பெயர்ப்பலகைகள், கோயில்கள், பழைய மரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு, அவற்றை அறிந்த மூத்தவர் ஒருவரைச் சந்தித்து, அவர் சொல்வதைப் பதிவு செய்யட்டும். தமிழ்மொழிக் கழகம் அப்பதிவுகளைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். இதற்குப் பெரும் செலவு தேவையில்லை.

பயணம் செல்பவர் எல்லாரும் ஓட வேண்டும் என்பதில்லை. ஆனால், ஒரு காலையிலாவது வாகனத்தின் துணையின்றி ஊருக்குள் இறங்கிப் பார்த்தவர், பிறகு அவ்வூரை ‘செம்பனை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட மாட்டார். அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி அவருக்குக் கேட்க ஏதேனும் இருக்கும். விடை சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும்.